நேராக வைத்த தலை

மாப்ள,

உன் முதல் வருஷத் திதிக்கு இன்று காலை உன் வீட்டுக்கு வந்திருந்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பீன்ஸ் மூட்டைகளை இறக்கிவிட்டு, வண்டிக்குள்ளேயே வேட்டியை மாற்றிக்கொண்டு, உன் தெருமுனை வரை வந்து இரண்டு முறை பின்வாங்கி, மூன்றாவது முறைதான் உள்ளே நுழைந்தேன். சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, உன் வீட்டுக்காரி பீரோவுக்கு மேலிருந்து ஒரு பாலிதீன் பையை இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"அவரு வேலை பாத்த எடத்துலருந்து குடுத்து விட்டாங்கண்ணே. டிபன் பாக்ஸு, செருப்பெல்லாம் எடுத்துட்டேன். இந்த ரெண்டும் என்னன்னே தெரியல. தூக்கிப் போடவும் மனசு வரல."

முழங்கை நீளத்துக்கு இரண்டு ஸ்பாஞ்ச் துண்டுகள். மஞ்சள் வாத்து போட்ட துணியால் உறை. கோணல்மாணலான கைத்தையல். மூக்கருகே கொண்டு போனேன். தேங்காய் எண்ணெய், பவுடர், கொஞ்சம் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை. எத்தனை பிள்ளைகளின் தலை அதில் சாய்ந்ததோ, அத்தனை பேர் வீட்டு எண்ணெயும் அதில் ஊறிக் கிடந்தது. என் மகள் பவித்ராவின் தலையும் மூன்று தடவை அதில் இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. "நான் கொண்டு போறேந்தாயி" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இப்போது மலைமேல் பேத்துப்பாறையில் என் வீட்டு மேஜைமேல் அவை கிடக்கின்றன. வெளியே மேகம் இறங்கி, எதிர்ச் சரிவில் பூண்டுக் காடு பாதிதான் தெரிகிறது. பவி இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினோடு கம்பெனிக்காரன் கொடுத்த துண்டுகள் கறுப்பாக இருந்தன, பிள்ளைகள் அதைப் பார்த்தே அழுதார்கள் என்று நீயே டெய்லர் கடையில் மிச்சத் துணி கேட்டு வாங்கி உறை தைத்தாய். கட்டிய பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் ஊசி பிடித்திருக்கிறாய், திருட்டுப் பயலே! தலைக்கு இரு பக்கமும் அந்த வாத்துகளை அணைகொடுத்து, நெற்றியில் பட்டையை ஒட்டி, "இப்ப நீ கோயில் சிலை. சிலைக்கு மூக்கு அரிச்சாலும் அசையுமா?" என்று கேட்பாய். கத்திக்கொண்டு வந்த பிள்ளைகூட மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும். சிறு பிள்ளைகள் வந்தால் உன் டியூட்டி நேரம் பார்த்து அனுப்புவார்களாம், நீயே பீற்றிக்கொள்வாய். "தல நேரா இருந்தாத்தாண்டா உள்ள இருக்குறது உண்மையச் சொல்லும்" என்பாய். உன் தொழிலுக்கு அதுதான் வேதம்.

அந்த வேதத்தை நம்பித்தான் பவியை உன்னிடம் கொண்டு வந்தேன்.

அவளுக்கு அப்போது ஏழரை வயது. சனிக்கிழமையானால் வெள்ளனே எழுந்து, தலையைக்கூட வாராமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். பின்னால் பூண்டும் கேரட்டும், முன்னால் நானும் அவளும். பழனி ரோட்டில் இறங்கத் தொடங்கியதும் அவள் வாய் திறக்கும். டீச்சர் சொன்னது, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது, மேகத்துக்குள் யானை இருக்குமா என்கிற சந்தேகம், ஒன்று பாக்கியிருக்காது. பாதி மலை இறங்குவதற்குள் பேச்சு நின்றுவிடும். முகம் வெளுக்கும். "சுத்துதுப்பா" என்பாள். அப்புறம் வாந்தி.

மலை ரோட்டில் வாந்தி எடுப்பதை யாரடா நோய் என்பார்கள்? பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் கேரி பையை நீட்டுகிற ஊர் இது. எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். வெறும் வயிற்றில் ஏறாதே என்றேன், அடுத்த வாரம் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறாதே என்றேன். உன்னிடம் சொன்னபோது நீ கைகொட்டிச் சிரித்தாய். பத்தாம் வகுப்பு வரை பஸ்ஸில் ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆள் அல்லவா நீ! உன் வாந்திக்குப் பயந்து பின் சீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள்.

"எங்க கட்சிக்கு ஒரு ஆளு வந்துருச்சுடா. மருமகளே, மாமனுக்கும் இப்பிடித்தான். வளந்தா சரியாப் போயிரும்."

நானும் சிரித்தேன். மலைக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம், அவள் சீட்டில் சுருண்டு கிடந்தாள்.

அதே மாதத்தில் ஒருநாள் மார்க்கெட்டில் இறங்கியவள் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். என் சட்டையைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தாள். "ரெண்டு அப்பா நிக்கிறீங்க, எந்த அப்பா நெசம்?" என்று கேட்டாள். அள்ளிக்கொண்டு உன்னிடம் ஓடிவந்தேன். நீதான் டாக்டரைப் பார்க்கவைத்து, சீட்டு எழுதி வாங்கி, உள்ளே படுக்கவைத்தாய். சிலை விளையாட்டு விளையாடினாய். ஒரு துளி அசையவில்லை அவள். வெளியே வந்து என் தோளைத் தட்டினாய்.

"கண்ணாடி மாதிரி இருக்குடா படம். ஒண்ணுமே இல்ல. நிம்மதியாப் போ."

டாக்டரும் காதில் கோளாறாக இருக்கும், மலைப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இரண்டு நாளில் சரியாகிவிட்டாள். நாலு மாதம் கழித்து மறுபடியும் அதே வண்டி, அதே வளைவு, அதே சாய்ந்த நடை. மறுபடியும் உன் வாத்துகள், மறுபடியும் ஒன்றுமில்லை. இனி இவளை வண்டியில் ஏற்றாதே என்று என் வீட்டுக்காரி செல்வி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏற்றவில்லை. அதன்பிறகு பல மாதம் பவிக்கு எதுவும் வரவில்லை. பார்த்தாயா, மலை ரோடுதான் காரணம் என்று நாம் எல்லோரும் முடிவுகட்டினோம். வண்டியை நிறுத்தியதும் நோய் நின்றதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்து பூண்டில் சொத்தை கழித்துக்கொண்டிருந்தோம். அவள் என் இடது கைப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நான் உன் பஸ் வாந்திக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பு முடியும் முன்பே பூண்டுக் குவியல்மேல் சரிந்தாள். எழுப்பினால் நாக்கு குழறியது. வலது கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. வண்டி இல்லை, வளைவு இல்லை, வீட்டுக்குள் சமதரையில்!

அன்று உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தபோது நீ லீவில் இருந்தாய். போன் போட்டதும் கைலியோடு வந்து மெஷினைப் போட்டாய். அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்க் கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாய். எனக்கு உன் முகம் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஏதாவது இருந்துவிடாதா என்று நீ தேடுவது தெரிந்தது. ஒரு தகப்பன், பிள்ளையின் தலைக்குள் ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட கொடுமையை அன்றுதான் அனுபவித்தேன்.

"ஒண்ணும் தெரியலடா மாப்ள" என்றாய். இந்த முறை தோளைத் தட்டவில்லை. "இங்க வச்சிருக்காத. மதுரைக்குக் கொண்டு போ, வெரசாக் கெளம்பு."

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தலையின் பின்பக்கம், சிறுமூளையில், ரத்தம் போகாமல் செத்துப்போன சின்னச் சின்ன இடங்கள் இருக்கின்றன என்றார்கள். பக்கவாதமாம். எட்டரை வயசுப் பிள்ளைக்கு! இப்போது வந்தது ஒன்று, பழசு இரண்டு என்றார்கள். பழசு என்ற சொல் என் காதில் விழுந்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றாயே.

மறுநாள் ஆரஞ்சுப் பழப் பையோடு நீ வந்தாய். வார்டுக்கு வெளியே, நாலு பேர் பார்க்க, நான் கேட்டேன்.

"மூணு வாட்டி எடுத்தியே, என்னத்தலே பாத்த? வாத்து பொம்மை வச்சு வெளையாடத்தான் ஒன்ட்ட கொண்டாந்தேனா?"

"நேராத்தாண்டா வச்சு எடுத்தேன். துளி ஆடல. சத்தியமாத் தெரியலடா."

"இனிமே எம்புள்ள தலையத் தொடாத."

நான் சொன்னேன். என் வாய்தான் சொன்னது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும்.

பதினோராம் நாள், நீ வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. செல்வி போகச் சொன்னாள். "புள்ளைய நான் பாத்துக்கிறேன், போய் மொகத்தப் பாத்துட்டு வாங்க" என்று அழுதாள். நான் போகவில்லை. பிள்ளையை விட்டு எப்படி வர என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில் உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

அதன்பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் இதன் கனம் புரியாது.

பக்கவாதம் என்று தெரிந்ததே தவிர, ஏன் வந்தது என்று தெரியவில்லை. இருதயத்தைப் பார்த்தார்கள், நார்மல். ரத்தம் உறைகிற கோளாறா என்று பார்த்தார்கள், நார்மல். அவளை நேராகப் படுக்கவைத்துக் கழுத்து ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை. காரணம் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பினால் அடுத்தது எப்போது வரும், அதில் அவள் பிழைப்பாளா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நானும் செல்வியும் கட்டிலின் இரு பக்கமும் நின்றோம். நான் வழக்கம்போல அவளுக்கு வலது பக்கம். பேச்சுக் கொடுத்தால் தெம்பாக இருப்பாள் என்று, மடையன் நான், ஓயாமல் அவளை என் பக்கம் பார்க்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அப்படிப் பேசும்போதே கண் செருகினாள்.

அந்த நேரம் பார்த்து வார்டுக்குள் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சின்ன வயசு. ஓடிவந்து அவளை நிமிர்த்திப் படுக்கவைத்தார். தெளிந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாளில் ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இப்ப மயக்கம் வந்துச்சுல்ல, அப்ப நீ யாரப் பாத்துட்டு இருந்த பாப்பா?"

"அப்பாவ."

"வீட்ல விழுந்தியே, அன்னிக்கு?"

"அப்பாவ."

"வண்டியில?"

"அப்பாவத்தான். அப்பாதான வண்டி ஓட்டுவாங்க."

"அப்பா எந்தப் பக்கம் இருப்பாரு?"

இன்னும் சொன்னபடி கேட்காத வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

மாப்ள, அந்தக் கை என்னைக் காட்டியபோது என் உயிர் எனக்குள் இல்லை. வளைவு இல்லையடா, வயிறு இல்லை, காது இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மலை இறங்க இறங்க, ஸ்டியரிங் பக்கம் முகத்தைத் திருப்பி என்னோடு பேசிக்கொண்டே வந்தாளே, அதுதான். வண்டியை நிறுத்தியதும் நோய் நின்றதும் அதனால்தான். என்னைப் பார்த்ததுதான் அவளுக்கு ஆபத்தாக இருந்தது.

பிறகு ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்திப் படம் பிடித்தார்கள். முடிந்தபிறகு அந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார். முதலில் தலை நேராக. கழுத்தின் பின்னால் மூளைக்கு ஏறும் இரண்டு குழாயிலும் ரத்தம் தங்குதடையில்லாமல் போனது. அடுத்து தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்பினார்கள். இடதுபக்கக் குழாயில் ரத்தம் கழுத்தெலும்பு உச்சியில் அப்படியே நின்றுவிட்டது. பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது ஓஸ் மடங்கினால் நிற்குமே, அப்படி. பிறவியிலேயே எலும்பில் ஒரு கோணல், தலை திரும்பும்போதெல்லாம் அது குழாயை நசுக்குகிறது, நசுங்கிய இடத்தில் ரத்தம் கட்டி, துணுக்குகள் மூளைக்குப் போய் அடைக்கின்றன என்றார். பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவதாம். பேரும் சொன்னார், அந்த நேரத்தில் எனக்கு அது ஏறவில்லை.

நான் உன்னைப் பற்றித்தான் கேட்டேன். மூணு வாட்டி ஸ்கேன் எடுத்தும் தெரியலையேம்மா என்றேன்.

"அது சி.டி. ஸ்கேன், அதுல தெரியாதுங்க. சின்ன எடம், பின்பக்க எலும்பு மறச்சுக்கும். காரணமும் தெரியாது. நேரா இருக்கும்போது இவளுக்குக் கொறையே இல்லையே. நீங்க கொண்டு வந்த படத்தப் பாத்தேன். தலைய அவ்வளவு நேரா வச்சு, கொஞ்சங்கூட ஆடாம எடுத்திருக்காங்க. சின்னப் புள்ளைக்கு அப்பிடி எடுக்கறது லேசில்ல. யாரு எடுத்தது?"

என் சிநேகிதன் என்றேன். இப்ப இல்லைம்மா என்றேன்.

எல்லோரும் தலையை நேராக வைக்கத்தானே பழகியிருக்கிறீர்கள். நீ அதில் கெட்டிக்காரன். நீ எவ்வளவு நேராக வைத்தாயோ அவ்வளவுக்கு அவள் நல்ல பிள்ளையாகத் தெரிந்தாள். நீ பொய் சொல்லவில்லை, உன் படமும் பொய் சொல்லவில்லை. நான்தான் உன்னைக் குற்றவாளி ஆக்கினேன்.

இன்று உன் வீட்டுக்காரி இன்னொன்றும் சொன்னாள். மதுரையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து நீ பவியின் ஸ்கேன் ஃபிலிமை இன்னொரு காப்பி எடுத்துச் சமையல்கட்டு ஜன்னலில் ஒட்டிவைத்திருந்தாயாம்.

"சாப்பிட உக்காந்தாலும் அதையே பாப்பாருண்ணே. தட்டுல என்ன கெடக்குன்னே தெரியாது. 'நான் எதையோ விட்டுட்டேன், எங்க விட்டேன்னு தெரியல'ம்பாரு. கடைசி நாளும் வேலைக்குக் கெளம்புறப்ப அதப் பாத்துட்டுத்தான் போனாரு."

பதினோரு நாள், இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறாய். அதில் ஒன்றுமில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் யாருக்கும் அப்போது தெரியாது. தெரிந்தபோது ஜன்னலோரம் நீ இல்லை. "ஒன்ன யாரு சாப்பிடாம இருக்கச் சொன்னா" என்று இன்று வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். திட்டினால் கொஞ்சம் தேவலையாக இருக்கிறது.

பவிக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆயிற்று. மேலே இரண்டு எலும்பையும் சேர்த்துத் திருகு போட்டிருக்கிறார்கள். அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் போனது முழுசாகத் திரும்பவில்லை. கால்களை அகட்டி வைத்துத்தான் நடக்கிறாள். எழுதினால் எழுத்து கோட்டை விட்டு ஏறி இறங்கும், அவளுக்கே கோபம் வந்து பென்சிலை எறிவாள். முதல் தடவையே யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்று நினைக்காத நாளில்லை. நினைத்து என்ன செய்ய? எங்கள் கையில் என்ன இருந்தது? இருந்ததெல்லாம் ஒரு எலுமிச்சம்பழம்.

தலையை அதிகம் திருப்ப முடியாது, சட்டென்று திருப்பவும் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. என்ன அவசரமானாலும் சுற்றிப்போய் அவள் முன்னால் நின்றுதான் பேசுவோம். அக்கம்பக்கத்தாரும் பழகிக்கொண்டார்கள். எனக்கு இது எல்லோரிடமும் பழக்கமாகிவிட்டது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரைக் கூப்பிடக்கூட முன்னால் ஓடிப்போய் நிற்கிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரிக்கிறார்கள்.

அன்று வார்டு வாசலில் 'தலையத் தொடாத' என்று நான் சொன்னதும் நீ ஆரஞ்சுப் பையை பெஞ்சில் வைத்தாய். பிள்ளையை எட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாய், பார்க்காமலே நடந்தாய். நீளமான வராந்தா. நீ படிக்கட்டுக்குப் போய்ச் சேர நெடுநேரம் ஆனது போலிருந்தது. வாய் வரை வந்தது, "ஏலே" என்று ஒரு சொல். கிளம்பிப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, ஆகாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

உனக்குக் கழுத்தில் ஒரு கோளாறும் இல்லையடா மாப்ள. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாய்.